மணையை விட்டு எழுந்த கத்தி

(புதிதாகச் சமைக்கத் தொடங்கியிருப்போருக்காகச் சங்கரன்கோவிலில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘அரியும் சிவனும் ஒண்ணு, அறியாதவர் வாயில் மண்ணு’ என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். சங்கரன்கோவிலில் இந்தப் பழமொழியைக் கொஞ்சம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சங்கரநாராயணர் கோயிலுக்கு வருகிறவர்களில் எல்லாம் அறிந்தவர்களும் புற்றுமண்ணை ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார்கள். இன்றைய பேச்சில் வரப்போகும் ‘அரி’யோ, சங்கரனுக்கு மறுபாதியாக நிற்கும் அரியில்லை. ‘வெங்காயத்தை அரி, கீரையை அரி’ என்று அடுப்படியில் இருந்து வரும் உத்தரவு அது. அந்த உத்தரவை முதன்முதலாக நிறைவேற்றப் போகிறவர் கையில் எந்தக் கத்தி இருக்க வேண்டும் என்பதே பேச்சின் பொருள்.

சின்ன விஷயம்தானே என்று தோன்றும். இரவில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்கு முதல் வேலைக்குப் போகிற ஒரு பிள்ளையின் பையை நினைத்துப் பாருங்கள். இட்லிப்பொடி இருக்கும், எலுமிச்சை ஊறுகாய் இருக்கும், மூன்று லிட்டர் குக்கர்கூட இருக்கும். கத்தி இருக்காது. ‘அதை அங்க போயி வாங்கிக்கிடலாம்யா’ என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். அங்கே போய் அவன் வாங்குவது கடைவாசலில் அட்டையில் குத்தித் தொங்கவிட்டிருக்கும் பிளாஸ்டிக் பிடிக் கத்தி. முதல் வாரம் வெட்டும். இரண்டாம் வாரம் தக்காளித் தோலில் வழுக்கும். மூன்றாம் வாரம் வழுக்கிய வேகத்தில் இடதுகை விரலில் இறங்கும். நான்காம் வாரத்தில் இருந்து அவனுடைய சாப்பாடு மோட்டார் சைக்கிளில் வரத் தொடங்கும். எத்தனையோ பேர் சமையலைக் கைவிட்டதற்குச் சோம்பலைக் காரணம் சொல்கிறோம். விசாரித்துப் பார்த்தால் பாதிப் பழி அந்தக் கத்தியைச் சேரும்.

கூர் இல்லாத கத்திக்கு நம் ஊரில் ‘மொக்கை’ என்று பேர். சினிமாவுக்கும் ஜோக்குக்கும் அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டு, கத்தியை மறந்துவிட்டோம். மொக்கைக் கத்தி ஆபத்தில்லாதது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகள் கையை வெட்டிக்கொள்ளக் கூடாது என்று வேண்டுமென்றே மழுங்கிய கத்தியைக் கொடுக்கிற வீடுகளும் உண்டு. நடப்பது நேர்மாறு. கூரான வாய் தன் எடையிலேயே காய்க்குள் இறங்கிவிடும். கைக்கு வேலை, வழிகாட்டுவது மட்டும்தான். மழுங்கிய வாய்க்கு அழுத்தம் தேவை. அழுத்தித் தள்ளும் கத்தி எப்போது வழுக்கும், எந்தப் பக்கம் பாயும் என்பது தள்ளுகிறவருக்கே தெரியாது.

வெங்காயக் கண்ணீரும் இதில் அடக்கம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெங்காயத்தின்மேல் சின்னதொரு கில்லட்டின்போல அலகை இறக்கி, அதிவேகக் கேமராவில் படம்பிடித்துப் பார்த்து, 2025இல் முடிவை வெளியிட்டார்கள். மழுங்கிய அலகு வெங்காயத்தின் தோலை முதலில் அமுக்கி வளைக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி, சாறு துளித்துளியாகக் கண்ணை நோக்கிப் பீய்ச்சி அடிக்கிறது. கூரான அலகை நிதானமாக இறக்கினால் துளிகள் குறைவு, வேகமும் குறைவு. பிரியாணிக்குப் பேர்போன இந்த ஊரில் மூட்டை மூட்டையாக வெங்காயம் அரிகிற சமையல்காரர்கள் கேமரா இல்லாமலேயே இதைக் கண்டுபிடித்திருப்பார்கள். சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கத்தியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், அது என்ன வேலை செய்யப்போகிறது என்று பார்க்க வேண்டும். அதற்குத் தமிழ் வினைச்சொற்களே நல்ல பட்டியல் தருகின்றன. வெங்காயத்தை அரிகிறோம். கத்தரிக்காயை நறுக்குகிறோம். பச்சைமிளகாயைக் கீறுகிறோம். மாங்காயைச் சீவுகிறோம். பூசணியைப் பிளக்கிறோம். முருங்கைக்காயை வெட்டுகிறோம். கறியைக் கொத்துகிறோம். மீனை வகிர்கிறோம். இவை அழகுக்காக ஏற்பட்ட சொற்களில்லை. ஒவ்வொன்றிலும் கை வேறு மாதிரி அசைகிறது. அரியும்போது அலகு முன்னோ பின்னோ வழுக்கிக்கொண்டே இறங்கும். கொத்தும்போது மேலிருந்து விழும். கீறும்போது முனை மட்டும் உழைக்கும். பிளக்கும்போது பிடியை ஒட்டிய அடிப்பகுதியும் உடம்பின் எடையும் சேர்ந்துகொள்ளும்.

இந்த வேலைகளில் முக்கால்வாசியை ஒரே அலகுக்குள் அடக்கப் பார்த்ததுதான் மேற்கத்தியர்களின் செஃப் கத்தி. கூர்ந்த முனையில் கீறலாம், வளைந்த வயிற்றுப்பகுதியில் அரியலாம், அடிப்பக்கத்தில் வெட்டலாம். ஜப்பானியர்கள் அதையே தங்கள் வீட்டுக்கு ஏற்றபடி குட்டையாகவும் அகலமாகவும் மாற்றிச் சாந்தோகு என்று பெயர் வைத்தார்கள். ‘மூன்று நற்குணங்கள்’ என்று அதற்குப் பொருள். இறைச்சி, மீன், காய் மூன்றுக்கும் ஆகும் என்பது கணக்கு.

நம்மிடம் இந்தக் கத்தி ஏன் உருவாகவில்லை? உருவாகத் தேவை இருக்கவில்லை. நம் சமையல் தரையில் நடந்தது. தரைச் சமையலுக்கு அரிவாள்மணை இருந்தது.

அரிவாள்மணையைப் பழம்பொருளாகப் பார்க்கிறவர்கள் அதன் பொறியியலைக் கவனிப்பதில்லை. மற்ற எல்லாக் கத்தியிலும் காய் அசையாமல் இருக்க, அலகு நகரும். இதில் அலகு அசையாமல் நிற்க, காய் நகரும். மணையைக் கால் பிடித்துக்கொள்வதால் இரண்டு கையும் காய்க்குக் கிடைக்கின்றன. வாழைத்தண்டு, சேனை, முட்டைக்கோஸ் போன்ற முரட்டுச் சாமான்களை உடம்பை முன்னால் சாய்த்தே வெட்டிவிடலாம். நுனியில் பூப்போல விரிந்த துருவல் பல் இருந்தால் தேங்காய் வேலையும் முடிந்தது. வங்காளிகளுக்குப் போட்டி, மராத்தியர்களுக்கு விளீ, தெலுங்கர்களுக்குக் கத்திப்பீட்ட, கன்னடர்களுக்கு ஈளிகெ மணெ என்று இந்தியாவின் பெரும்பகுதி உட்கார்ந்தே காய் அரிந்திருக்கிறது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அரிவாள்மணையின் வாய் எந்தப் பலகையின்மேலும் மோதுவதில்லை. காயை அறுத்துக்கொண்டு காற்றுக்குள் போய்விடுகிறது. சாதாரண இரும்பாக இருந்தும் மாதக்கணக்கில் அது கூர் மங்காமல் உழைத்ததற்கு இதுவே பெரிய காரணம். கத்தியோ ஒவ்வொரு வெட்டுக்கும் ஒருமுறை பலகையில் போய் முட்டுகிறது. ஒரு கிலோ வெங்காயத்துக்கு எத்தனை நூறு முட்டல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். மணையில் வளர்ந்த கை, கத்திக்கு மாறும்போது இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கேஸ் அடுப்பு வந்தது, மேடை வந்தது. சமைக்கிறவர் எழுந்து நின்றார். முழங்காலுக்கு விடுதலை. அரிவாள்மணை பரணுக்குப் போனது. அதன் இடத்துக்கு வந்த சின்னக் கத்தியைப் பெரும்பாலான அம்மாக்கள் பலகையே இல்லாமல் பயன்படுத்தினார்கள். காய் இடது உள்ளங்கையில், கத்தி வலதுகையில், வெட்டு வந்து நிற்கும் இடம் வலது கட்டைவிரல். மணையின் வேலையைக் கட்டைவிரல் எடுத்துக்கொண்டது. அந்த விரலில் கோடுகோடாகக் கறுத்துப்போன தழும்புகளைப் பார்க்காத வீடு குறைவு. இப்படி அரிவது ஒரு வித்தைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் இருபது வருடப் பழக்கம் உள்ளவரின் வித்தை அது. நேற்று சமைக்க வந்தவர் அதைப் பார்த்துச் செய்யக் கூடாது. ‘எய்யா, பாத்து அறு, கைய வெட்டிக்கிடாத’ என்று அம்மா சொல்வதற்கு மேல் சொல்ல முடியாமல் போவது இதனால்தான். நின்றுகொண்டு பலகையில் வெட்டுவது அவருக்கும் யாரும் கற்றுத்தராத பாடம்.

சரி, கடைக்குப் போவோம்.

முதலில் நீளம். செஃப் கத்தி என்றால் எட்டு அங்குலம் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அது இரண்டடி மேடையும் பெரிய பலகையும் இருக்கும் சமையலறைக்கான அளவு. சென்னையில் மூன்று பேர் பங்குபோட்டுக்கொள்ளும் வாடகை வீட்டு மேடையில், அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே கிடைக்கும் இடத்தில், ஆறரை முதல் ஏழு அங்குல அலகு போதும். முழு முட்டைக்கோஸையும் தர்பூசணியையும் தவிர எல்லாம் அதில் அடங்கும். ஐந்து அங்குலத்துக்குக் கீழே போக வேண்டாம். கத்தி சின்னதாக இருந்தால் பயம் குறைவு என்று தோன்றினாலும், அதில் கேரட்டை வெட்ட இரண்டு தடவை அமுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது அகலம். அலகின் வாய் பலகையைத் தொடும்போது பிடியைப் பிடித்திருக்கும் விரல் முட்டி பலகையில் இடிக்கக் கூடாது. கடையிலேயே கண்ணாடி மேசையின் ஓரத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். கத்தி வாங்குவது செருப்பு வாங்குவதைப் போன்றது. போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

பிடிக்கும் முறை தெரியாமல் கத்தியைச் சோதிக்க முடியாது என்பதால் அதையும் சொல்லிவிடுவது நல்லது. சுத்தியலைப் பிடிப்பதுபோலப் பிடியை மட்டும் இறுக்கிப் பிடிக்காமல், அலகு பிடியில் சேரும் இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடிக்க வேண்டும். மற்ற மூன்று விரலும் பிடியைச் சுற்றிக்கொள்ளும். இப்போது அலகு ஆடாது. இடதுகை விரல் நுனிகளை உள்ளே மடக்கி, காயைப் பூனை நகம்போலப் பற்ற வேண்டும். அலகின் பக்கவாட்டு மடங்கிய முட்டியை உரசிக்கொண்டு ஏறி இறங்கும். நுனி உள்ளே மறைந்திருப்பதால் வெட்டுப்பட வழியில்லை. இந்தப் பிடியில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்து, எங்கும் உறுத்தாத கத்தி உங்களுடையது. எடை இருநூறு கிராமுக்கு முன்பின் இருந்தால் தொடக்கத்துக்கு வசதி.

இனி அலகின் உலோகம். கடைக்காரர்கள் அதிகம் கதைவிடும் இடமும் இதுதான்.

எஃகைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று மார்தட்ட நிறையக் காரணம் உண்டு. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்புப் பொருட்களின் காலம் கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை பின்னோக்கிப் போகிறது என்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் அறிக்கை 2025 ஜனவரியில் சொன்னது. அங்கே கிடைத்தவற்றில் கத்தியும் உண்டு. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளின் தடயங்கள் இருக்கின்றன. தென்னிந்தியாவின் மூசை எஃகு, அதாவது மண்குடுவையில் உருக்கிய எஃகு, ஐரோப்பாவில் ‘வூட்ஸ்’ என்று பெயர் எடுத்தது. நம் ‘உருக்கு’, கன்னடத்து ‘உக்கு’ ஆகிய சொற்களின் சிதைவாக அதைக் கருதுகிறார்கள். 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர், ஐரோப்பாவின் மிகச்சிறந்த எஃகைவிட இந்த இந்திய எஃகையே தான் விரும்புவதாகத் தன் கடையின் விளம்பர அட்டையிலேயே அச்சடித்துக்கொண்டார். பிறகு அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்தார்கள்.

பெருமை இருக்கட்டும், கத்தி வாங்குகிறவருக்கு இந்தக் கதையில் உதவும் பகுதி வேறு. அந்த எஃகில் கார்பன் அதிகம், ஒன்றரை சதவீதம் அளவுக்கு. தங்கள் வழக்கப்படி அதை வெள்ளையாகத் தகதகக்கும் வரை காய்ச்சிச் சம்மட்டியால் அடித்த ஐரோப்பியக் கொல்லர்களிடம் அது உதிர்ந்துபோனது. குறைந்த சூட்டில் பொறுமையாக அடிக்கத் தெரிந்த கைகளுக்கு மட்டும் அது அடங்கியது. மிகச்சிறந்த எஃகும் அதைக் கையாளத் தெரியாதவரிடம் வெறும் உதிரிதான்.

அதே நிலைமை இன்றும் இருக்கிறது. கத்தியின் கடினத்தை ராக்வெல் என்ற எண்ணால் சொல்வார்கள். ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகள் 56, 58 என்ற அளவில் இருக்கும். விலை உயர்ந்த ஜப்பானியக் கத்திகள் 60ஐத் தாண்டும். கடினம் கூடினால் கூர் நெடுநாள் நிற்கும், உண்மை. ஆனால் கண்ணாடிபோல ஆகிவிடும். கோழி எலும்பில் ஒரு போடு, உறைந்த கறியில் ஒரு போடு, வாயில் பொரிபொரியாகத் தெறித்துவிடும். தேங்காய் உடைக்க அரிவாளின் முதுகைத் தேடிப் பழகிய வீட்டில், அவசரத்துக்கு அந்தக் கத்தியை எடுக்கும் கை ஒன்று நிச்சயம் இருக்கும். முதல் கத்திக்கு ஐம்பத்தாறு போதும். அது தெறிக்காது, வளையும், வளைந்ததை நிமிர்த்திவிடலாம்.

துருப்பிடிக்காத எஃகா, பழைய கார்பன் எஃகா என்ற கேள்வியும் உண்டு. துப்பாக்கிக் குழல் உட்புறம் தேயாமல் இருக்க வழி தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி, 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் குரோமியம் கலந்த எஃகை உருக்கியபோது, அது துருப்பிடிக்காததைக் கவனித்தார். நாம் எவர்சில்வர் என்று சொல்லும் குடும்பத்தின் தொடக்கம் அங்கேதான். குரோமியம் குறைந்தது பத்தரை சதவீதம் இருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். கார்பன் எஃகு எளிதாகக் கூர் ஏறும், ஆனால் புளிப்பு ஆகாது. பக்கத்துப் புளியங்குடிச் சந்தையில் வாங்கிய எலுமிச்சம்பழத்தை அதில் நறுக்கித் துடைக்காமல் வைத்தால், அலகில் கறுப்புத் திட்டு விழும். பழத்தில் இரும்பு வாடை ஏறும். வாழைப்பூவும் வாழைக்காயும் இன்னும் மோசம். வெட்டியவுடன் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைக்கிற ஆளாக இருந்தால் கார்பன் எஃகு வாங்கலாம். அப்படிப்பட்டவர் இந்தப் பேச்சைக் கேட்க வந்திருக்க மாட்டார்.

அலகில் அலையலையாகக் கோலம் போட்டு ‘டமாஸ்கஸ்’ என்று விற்கும் மலிவுக் கத்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. உண்மையான டமாஸ்கஸ் வாள்களுக்குப் போன எஃகுக் கட்டிகளில் தென்னிந்திய மூசை எஃகு இருந்தது. இன்று இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் பலவற்றிலும் அந்தக் கோலம் மேலே லேசரால் பொறித்த வெறும் படம். கல்லில் நாலு தரம் தேய்த்தால் படம் போய்விடும். நம் கொல்லரின் பெயரைக் களவாடி நமக்கே விற்கிறார்கள்.

கொல்லரிடமே நேராகப் போனால் என்ன? போகலாம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போனது. லாரியின் ஸ்பிரிங் பட்டைகளைக் காய்ச்சி அடித்து அங்கே அரிவாள் செய்கிறார்கள். நல்ல எஃகுதான். சிக்கல் எதில் என்றால், அரிவாள் அடித்துப் பழகிய கை கத்தியையும் தடிமனாகவே அடிக்கும். தடித்த அலகு கேரட்டை வெட்டாது, ஆப்புப்போலப் பிளக்கும். முதுகு இரண்டு மில்லிமீட்டர், போனால் இரண்டரை, வாய் வரை சீராக மெலிந்துகொண்டே வர வேண்டும் என்று சொல்லிச் செய்யச் சொன்னால் செய்து தருகிற பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. காசைவிடப் பொறுமை அதிகம் வேண்டும்.

அரிவாள் என்றதும் நம் பக்கத்தில் போலீஸ் ஞாபகம் வராமல் இருக்காது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வருகின்றன. வீட்டுக்கும் வயலுக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. சமையல் கத்தி வாங்க உரிமம் தேவையில்லை; கவலைப்படாதீர்கள்.

இவ்வளவு பார்த்தாலும், வாங்குகிறவர் தன்னைக் கேட்டுக்கொள்ள மறக்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. இதை யார் கூர்போடப் போகிறார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் வாங்கும் எந்தக் கத்தியும், ஐயாயிரம் ரூபாய்க் கத்தியும், ஆறு மாதத்தில் கடைவாசலில் தொங்கிய அந்த ஐம்பது ரூபாய்க் கத்தியாகிவிடும். ‘ஆயுளுக்கும் மழுங்காது’ என்று பெட்டியில் போட்டிருக்கும் ரம்பப்பல் கத்தி இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடும் தந்திரம். தக்காளிக்கும் ரொட்டிக்கும் அது அருமையானது. சுவிட்சர்லாந்துக்காரர்களின் விக்டோரினாக்ஸ் சின்ன ரம்பக் கத்தி இன்று எத்தனையோ தமிழ் வீடுகளில் இருக்கிறது. ஆனால் பல் தேய்ந்த அன்றைக்கு அதை வீட்டில் யாரும் சரிசெய்ய முடியாது. கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளலாம், முதல் கத்தியாக வேண்டாம்.

தெருவில் சாணைக்காரர் வந்துகொண்டிருந்த வரை இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பெடலை மிதித்துக் கல்லைச் சுழலவிட்டால் பொறி பறக்கும். பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். அரிவாள்மணைக்கும் கத்தரிக்கோலுக்கும் அந்தச் சாணை பொருத்தம். மெல்லிய கத்திக்கு அதே வேகம் ஆகாது. சூடேறி அலகின் ஓரம் நீலம் பாய்ந்தால் கொல்லர் ஏற்றிய பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் நிற்காது. சாணைக்காரரிடம் கொடுத்தால், தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள். தொழில் தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நகரத்து அடுக்குமாடியில் சாணைக்காரருக்கு வாசலே திறப்பதில்லை. அங்கே கல்தான் துணை. அமெரிக்காவில் எட்வர்ட் ஆச்சிசன் 1890களின் தொடக்கத்தில் செயற்கையாக உருவாக்கிய கார்போரண்டம், நம் ஊர் ஹார்டுவேர் கடை வரை வந்து சேர்ந்திருக்கிறது. சென்னையில் முருகப்பா குழுமம் 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் இந்த உராய்வுக் கற்களைச் செய்கிறது. ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக இருக்கும் கல்லைக் கேட்டு வாங்க வேண்டும். கல்லை நனைத்து, நகராமல் ஈரத்துணிமேல் வைத்து, கத்தியைப் படுக்கவைத்து, முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி நுழையும் அளவுக்குத் தூக்க வேண்டும். அந்தச் சாய்வை மாற்றாமல் அடியில் இருந்து முனை வரை தேய்த்துக்கொண்டே போனால், சற்று நேரத்தில் மறுபக்க ஓரத்தில் விரலுக்குப் பிசிறு தட்டும். தட்டினால் அந்தப் பக்கம் முடிந்தது. திருப்பிப் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு நைசுப் பக்கத்தில் லேசாக நாலு இழுப்பு. பிசிறு தட்டும் முன்பே திருப்பிவிடுவதுதான் எல்லோரும் செய்கிற தவறு.

சோதனைக்குத் தக்காளியைவிடச் சிறந்த நீதிபதி இல்லை. பழுத்த தக்காளியின்மேல் கத்தியை வைத்து, அமுக்காமல் இழுக்க வேண்டும். தோல் விட்டுக்கொடுத்தால் கத்தி தேறியது. கல் இல்லாத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகில்லாத வளையத்தில் தீட்டிக்கொள்ளலாம், ஆபத்துக்குப் பாவமில்லை. ஓட்டல் சமையல்காரர்கள் சர்சர்ரென்று உரசும் இரும்புக்கோல் கூர்போடுவதில்லை, வளைந்த ஓரத்தை நிமிர்த்துகிறது. பார்க்க வீரமாக இருக்கும். முதல் வருடத்துக்குத் தேவையில்லை.

மறுபடி பலகைக்கு வர வேண்டும். மணையை விட்டு எழுந்த பிறகு கத்தியின் ஆயுளில் பாதி பலகையிடம் இருக்கிறது. கிரானைட் மேடையின்மேல் வைத்து வெட்டுவதும் எவர்சில்வர் தட்டில் வைத்து வெட்டுவதும் போட்ட கூரை ஒரே நாளில் தின்றுவிடும். கண்ணாடிப் பலகை செய்து விற்பவரை என்னவென்று சொல்ல? மரம்தான் சரி. இந்த ஊர்க் கறிக்கடைக்காரர்களைப் பாருங்கள். புளியமரக் கட்டையைக் குறுக்கே அறுத்து நிறுத்திவைத்து அதன்மேல் வெட்டுகிறார்கள். மரநார் செங்குத்தாக நிற்பதால் கத்தி நாருக்குள் புகுந்து வெளியே வருகிறது, மோதி மழுங்குவதில்லை. மரத்தில் கிருமி சேரும் என்று பயப்படுகிறவர்களுக்கு, அமெரிக்காவில் டீன் கிளைவர் செய்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. மரம் உறிஞ்சிக்கொண்ட பாக்டீரியாக்கள் அதற்குள்ளேயே மடிந்துபோகின்றன; வெட்டுக்காயம் பட்ட பிளாஸ்டிக் பலகையின் கீறல்களில் அவை தங்கிவிடுகின்றன. வேம்போ மாமரமோ எதுவானாலும் சரி, கழுவிச் சாய்த்துவைத்துக் காயவிட வேண்டும். கறிக்கும் காய்க்கும் தனித்தனிப் பலகை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, ரயிலேறப் போகிற பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவு. ஏழு அங்குலத்தில் ஒரு சாதாரணத் துருப்பிடிக்காத எஃகுக் கத்தி. பிடி கைக்குப் பொருந்தினால் பெயர் எதுவானாலும் சரி. ஒரு மரப்பலகை. ஒரு கல். பன்னிரண்டு கத்திகளை மரக்கட்டையில் செருகித் தரும் செட்டை யார் பரிசாகக் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கி வையுங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள். ரயிலில் கொண்டுபோகும்போது அலகைப் பழைய செய்தித்தாளில் நாலு சுற்றுச் சுற்றி நூல் கட்டிப் பெட்டியின் அடியில் வைக்க வேண்டும். தூத்துக்குடியில் விமானம் ஏறுகிறவர்கள் கைப்பையில் வைத்துவிட வேண்டாம், சோதனையில் எடுத்துக்கொள்வார்கள்.

கத்திக்கு எவ்வளவு செலவழித்தாலும் கல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதன் விலை இந்த ஊரில் ஒரு மட்டன் பிரியாணிக்கு முன்பின்தான் வரும்.